பஞ்சு சிவக்காத ஜிமிக்கி

எனக்கு நகை ஆகாது என்று எங்கள் சொந்தக்காரர்கள் முடிவு கட்டி வெகுகாலம் ஆகிறது. நான் வயதுக்கு வந்து சீர் செய்தபோது கழுத்தில் ஒரு கவரிங் ஆரத்தைப் போட்டுவிட்டார்கள். மறுநாள் கழற்றினால், ஆரம் கிடந்த இடமெல்லாம் தடித்துச் சிவந்திருந்தது. "சூட்டு ஒடம்பு" என்றார் ஒருவர். "போர்த் தண்ணி ஒத்துக்கல" என்றார் இன்னொருவர். விளக்கெண்ணெய் தேய்த்தார்கள், இளநீர் வாங்கிக் கொடுத்தார்கள், வெந்தயத்தை ஊறவைத்து விழுங்கச் சொன்னார்கள். எல்லாவற்றையும் விழுங்கினேன். அடுத்த விசேஷத்துக்குக் கவரிங் போட்டதும் கழுத்து மறுபடியும் தடித்தது.

என் கல்யாணத்திலும் அதே கதைதான். ஆல்பத்தைப் புரட்டுகிறவர்கள், நான் தலைகுனிந்து நிற்பதைப் பார்த்து, புருசனைப் பார்க்க வெட்கப்படுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வெட்கமாவது மண்ணாவது! அரிப்புத் தாங்காமல் தாடையை வைத்துக் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கேமராக்காரர் வேறு, "அப்படியே இருங்க மேடம், சூப்பரா இருக்கு" என்று நாலு படம் எடுத்துவிட்டார்.

கவரிங்தான் ஆகாது, தங்கம் ஆகும் என்று அம்மா நம்பினார். அதனால் கல்யாணத்தின்போது தன்னுடைய தங்க ஜிமிக்கியை எனக்குப் போட்டுவிட்டார். அது ஒரு வாரம் சும்மா இருந்தது. எட்டாம் நாள் காது வீங்கியது, பிறகு சீழ் பிடித்தது. கழற்றிவிட்டு, ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சியைச் சொருகிக்கொண்டேன். ஆறியதும் ஜிமிக்கி, புண்ணானதும் குச்சி. எட்டு வருடம் இப்படியே போயிற்று. தங்கமே ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கோளாறு என் உடம்பில்தான் என்று நானே நம்பத் தொடங்கிவிட்டேன். எனக்கு அதில்தான் இப்போதும் கோபம்.

தம்பிக்குக் கல்யாணம் கூடிவந்தபோதுதான் இது பெரிய பிரச்சினை ஆனது. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையோடு கூடப் பிறந்தவள், மணப்பெண்ணைப் போலவே பட்டும் நகையுமாக அலங்கரித்துக்கொண்டு, சபை நடுவே அவன் பக்கத்தில் நிற்க வேண்டும். கூறைப் புடவையின் ஒரு தலைப்பு அவன் கையில், இன்னொரு தலைப்பு இவள் கையில். அந்தச் சீர் முடிந்தால்தான் மற்றதெல்லாம். எனக்கு இருப்பது ஒரே தம்பி. அவனுக்கு இருப்பது ஒரே அக்கா. வாழ்க்கையில் ஒரே ஒரு முறை வருகிற உரிமை அது.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது பெரியம்மா வீட்டுக்கு வந்தார். அப்பா இல்லாத வீடு என்பதால் சீர் முறையெல்லாம் அப்பாவின் அண்ணி சொல்கிறபடிதான். அவர் வந்த அன்று என் காதில் வேப்பங்குச்சி இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "காதுல சீழோட இவள எப்படி சீருக்கு நிறுத்தறது? நல்லா இருக்குமா? என்ற மக நின்னுக்கட்டும். அவளும் அக்கா முறைதானே."

நான் அடுப்படியில் இருந்தேன். கையிலிருந்த கரண்டியை அப்படியே போட்டுவிட்டு வந்தேன்.

"ஏனுங்க பெரியம்மா, அவனத் தூக்கி வளத்துனது நானு. சீருக்கு நிக்கறது உங்க மகளா?"

"கோவிச்சுக்காத கண்ணு. வெறும் காதோட நின்னா ஊரு என்ன பேசும்? கூட்டத்துல நின்னுட்டு சொரிஞ்சுட்டு இருப்பியா?"

தம்பி குறுக்கே வந்தான். "வெறும் காதோடயே நிக்கட்டும். எனக்கு எங்கக்காதான் வேணும்." அவன் சொன்னது நல்ல மனதோடுதான். ஆனால் உண்மையைச் சொன்னால், வெறும் காதோடு நிற்க எனக்கே மனம் வரவில்லை. என் கல்யாணத்தில்தான் தாடையால் கழுத்தைச் சொறிந்தேன். இவன் கல்யாணத்திலாவது நாலு பேர் பார்க்க நிமிர்ந்து நிற்க வேண்டாமா? எனக்கும் ஆசை இருக்காதா?

கடைசியில் பெரியம்மா ஒரு வழி சொன்னார். சீருக்கு முன்னால் ஒரு வாரம் நான் நகை போட்டிருக்க வேண்டும். காது சுத்தமாக இருந்தால் நான் நிற்கலாம். சீழ் வைத்தால் அவர் மகள் நிற்பாள். எட்டாம் நாளில் என் காது என்ன செய்யும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்று நான் சோறு தின்னவில்லை.

இனி என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது. முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில், பட்டன், நாடா எல்லாம் வந்து சேர்கிற அக்சசரீஸ் பிரிவில் இருக்கிறேன். எங்களுடையது கைக்குழந்தைத் துணி. எல்லாம் வெளிநாட்டுக்குப் போவது. அந்தத் துணிகளில் வைக்கிற, அழுத்தினால் மாட்டிக்கொள்ளும் டிச் பட்டன்களைச் சோதிப்பது என் பொறுப்பு. என் மேசையில் சோதனை மருந்து வைத்த இரண்டு சின்னப் புட்டிகள் இருக்கும். இரண்டிலிருந்தும் ஒவ்வொரு சொட்டு காதுக்குச்சியின் பஞ்சில் விட்டு, பட்டன்மேல் அரை நிமிடம் தேய்க்க வேண்டும். பஞ்சு வெள்ளையாகவே இருந்தால் பட்டன் பாஸ். ரோஸ் நிறத்துக்கு மாறினால் நிக்கல் என்கிற உலோகம் கசிகிறது என்று அர்த்தம். குழந்தையின் தோலில் பட்டால் சிலருக்குப் புண்ணாகும் என்பதால் பையர், அதாவது ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக்காரர், அதை வாங்கமாட்டார். லாட் முழுக்கத் திருப்பி அனுப்பிவிடுவோம்.

ஆமாம், நீங்கள் நினைப்பது சரிதான். ஐந்து வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன். எவன் பெற்ற குழந்தைக்கோ வயிற்றில் தடிப்பு வந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு பட்டனாகத் தேய்க்கிறேன். என் காதில் சீழ் வடிந்துகொண்டிருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரு நாள்கூட யோசித்ததில்லை! நிக்கல் என்றால் பையர் பிரச்சினை, ஏற்றுமதிப் பிரச்சினை. காதுப் புண் என்றால் சூடு. என் தலையில் அவை வேறு வேறு அறைகளில் இருந்தன. என் பக்கத்து மேசையில் இருந்தவளும் தினமும் என் காதைப் பார்த்து, "வெந்தயம் தின்னீங்களாக்கா?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பெரியம்மா வந்துபோன மறுநாள் ஒரு லாட் ஃபெயிலானது. பட்டன் சப்ளை செய்கிறவர் நேரிலேயே வந்துவிட்டார். ஏற்கெனவே நான் எரிச்சலில் இருந்தேன். அவரும் எரிச்சலில் இருந்தார். சிவந்த பஞ்சை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"இதப் பாருங்க. இது குழந்தை தோல்ல பட்டா தடிச்சு, சீழ் வெச்சுப் போயிரும்ங்க. நாங்க எப்படி எடுக்கறது?"

அவர் பஞ்சைப் பார்க்கவில்லை. என் காதைப் பார்த்தார். "ஏனுங்க மேடம், வருசக்கணக்கா என்ற பட்டன நோண்டறீங்களே, உங்க காதுல தொங்குனத ஒருக்காவாச்சும் தேச்சுப் பாத்தீங்களா?" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "என்ன திமிரு!" என்று பக்கத்து மேசைக்காரியிடம் பொரிந்து தள்ளினேன். "தங்கத்தப் போய் தேச்சுப் பாக்கச் சொல்றான், பாரு!" ஜிமிக்கி என் பையில்தான் இருந்தது. அந்த ஆளை நாளைக்கே போனில் கூப்பிட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கலாம் என்றுதான் அதை வெளியே எடுத்தேன். பஞ்சில் இரண்டு சொட்டு விட்டு, ஜிமிக்கியின் குடையைத் தேய்த்தேன். பஞ்சு வெள்ளை. மேல் தோட்டைத் தேய்த்தேன். வெள்ளை. "பாத்தியா?" என்றேன்.

பிறகுதான் கை ஓரிடத்தில் நின்றது. என் காதில் புண் வருவது எப்போதும் பின்பக்கம்தான். முன்பக்கம் வந்ததே இல்லை. பின்பக்கம் காதைத் தொடுவது திருகாணி. புதுப் பஞ்சு எடுத்துத் திருகாணியைத் தேய்த்தேன். பத்துவரை எண்ணியிருக்கமாட்டேன். பஞ்சு பளிச்சென்று சிவந்துவிட்டது.

அட கெரகமே! எட்டு வருடம்!

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் நான் அழவில்லை. எழுந்து நின்று கத்தினேன். லைனில் தைத்துக்கொண்டிருந்த பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சூப்பர்வைசர் ஓடிவந்து, "என்னாச்சுங்க, இன்னொரு லாட்டும் போச்சுங்களா?" என்று நெஞ்சில் கை வைத்தார். "போகலீங்க சார், கெடைச்சுருச்சு" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

சாயங்காலம் நேராக அம்மாவிடம் போனேன். சிவந்த பஞ்சையும் திருகாணியையும் முன்னால் வைத்து, "இது தங்கமா?" என்று கேட்டேன். அம்மா முதலில் "தங்கந்தான்" என்றார். சிவந்த பஞ்சை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அம்மா முந்தானையை முறுக்க ஆரம்பித்துவிட்டார்.

"அதுல ஒண்ணு குளிக்கறப்ப கழண்டு சாக்கடைல போயிருச்சு கண்ணு. உன்ற கண்ணாலத்துக்கு நாலு நாளுதான் இருந்துச்சு. ஒண்ணு மட்டும் வேற மாதிரி இருந்தா நல்லாவா இருக்கும்? ஜோடியா இருக்கட்டும்னு ஃபேன்சி ஸ்டோருல ரெண்டு வாங்கிப் போட்டேன். அதுவும் தங்கமாட்டந்தான் பளபளன்னு இருந்துச்சு."

"மிச்சம் இருந்த தங்கத் திருகாணி எங்க?"

அம்மா எழுந்துபோய் சீரக டப்பாவிலிருந்து அதை எடுத்துவந்தார். எனக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். "எட்டு வருசம் உன்ற காத நானே புண்ணாக்கிட்டனே சாமி" என்று தலையில் அடித்துக்கொண்டார். என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. "உடு, உடும்மா. உனக்கு மட்டும் தெரிஞ்சா பண்ணுன? அஞ்சு வருசமா பஞ்சத் தேய்க்கற எனக்கே தெரியல" என்று நான்தான் அவரைத் தேற்ற வேண்டியிருந்தது.

தோல் டாக்டரம்மா நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "டெஸ்ட் எல்லாம் நீங்களே முடிச்சுட்டு வந்துட்டீங்க" என்று சொல்லி, காதையும் கழுத்தையும் பார்த்து, தடவ மருந்து கொடுத்தார். நிக்கல் அலர்ஜி, அது இனிப் போகாது, ஆனால் நிக்கல் படாமல் பார்த்துக்கொண்டால் ஒன்றும் வராது என்றார். "சூடா இருக்குமா டாக்டர்?" என்று பழக்க தோஷத்தில் கேட்டேன். "சூடும் இல்ல, தண்ணியும் இல்ல" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவருக்குக் கோயில் கட்டலாம்.

காது ஆறப் பத்து நாள் ஆகும் என்றார். அந்தப் பத்து நாளில் நகையைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். கம்பெனியில் கேட்டு, முடியப்போகிற நிலையில் இருந்த ஒரு ஜோடிப் புட்டியை வாங்கிக்கொண்டேன். ஒரு பாக்கெட் காதுக்குச்சியோடு, தம்பியின் வண்டியில் பின்னால் ஏறிக் கடைகடையாகக் கிளம்பினேன்.

ஜிமிக்கிக்கு ஒரு ஆசாரியிடம் போனோம். சீரக டப்பாவில் இருந்த திருகாணியைக் கொடுத்து, இதே தங்கத்தில் இன்னொன்று செய்யச் சொன்னேன். செய்துகொடுத்ததும் அவர் முன்னாலேயே பஞ்சை எடுத்துத் தேய்த்தேன். அவர் கொஞ்சம் முகம் சுளித்தார். பஞ்சு வெள்ளையாக இருந்தது. "தப்பா நெனைக்காதீங்க, இனி எனக்கு வர்ற சாமிப் பிரசாதத்தக்கூட தேச்சுட்டுத்தான் வாங்குவேன்" என்றதும் சிரித்துவிட்டார்.

கழுத்துக்குத்தான் பெரும்பாடு. சீருக்கு நிற்கிறவளுக்கு மார்புவரை இறங்குகிற ஆரம் வேண்டும். அதைத் தங்கத்தில் வாங்க நாங்கள் என்ன மில் ஓனரா? பெரிய கடை ஒன்றில் சின்ன நெக்லஸாவது பார்க்கலாம் என்று போனோம். அலர்ஜி என்று சொன்னதும் கடைப் பெண், "அப்ப ஒயிட் கோல்டு போடுங்க மேடம், தங்கத்தவிட ஒசத்தி, ஒண்ணுமே ஆகாது" என்று வெள்ளையாக ஒன்றை நீட்டினாள். தேய்த்தேன். ரோஸ்! பக்கத்தில் நகை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு அம்மாக்கள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள். மேனேஜர் வந்து, "கடைக்குள்ள இதெல்லாம் பண்ணக் கூடாதுங்க" என்றார். "நீங்க பண்ணீருந்தா நான் பண்ண வேண்டியதில்லீங்களே" என்றேன். தம்பி என் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தான்.

அடுத்தது ஒரு கிராம் தங்கம் பூசிய நகைக் கடை. அங்கே தேய்த்ததும் பஞ்சு வெள்ளையாகவே வந்தது. கடைக்காரர் மீசையை முறுக்காத குறைதான். ஆனால் என்னிடமா? புதுப் பட்டனில் முலாம் உள்ளே இருப்பதை மூடிக்கொண்டிருக்கும். அதனால் நாங்கள் பட்டனைத் தேய்த்துப் பழசாக்கிய பிறகுதான் சோதிப்போம். "கண்ணாடில ரொம்ப நாளாத் தொங்குதே, எல்லாரும் கழுத்துல வெச்சு வெச்சுப் பாத்தது, அதக் கொஞ்சம் எடுங்க" என்றேன். அதைத் தேய்த்தேன். பஞ்சு செக்கச்செவேல் என்று ஆனது. அவர் முகத்தில் ஈ ஆடவில்லை. "அக்கா, நீ பேசாம போலீசுக்குப் போயிருக்கலாம்" என்றான் தம்பி.

ஆறாவது கடையில்தான் கிடைத்தது. சின்ன வெள்ளிக் கடை. வெள்ளியில் செய்து தங்க முலாம் பூசிய ஆரம், நடுவில் சிவப்புக் கல் வைத்த பதக்கம். அதன் புதுசையும் தேய்த்தேன், கடையில் முலாம் போய்க் கிடந்த பழசையும் தேய்த்தேன். இரண்டும் வெள்ளை. ஒவ்வொரு கண்ணியாகத் தேய்த்துக்கொண்டே வந்து, கடைசியாகப் பிடரியில் மாட்டுகிற கொக்கியைத் தேய்த்தேன். ரோஸ். வெள்ளிக் கடைக்காரர் பாவம், நொந்தே போனார். "கொக்கி மட்டும் வெளிய வாங்கறதுங்க" என்றார். "பரவாயில்லீங்க, கொக்கியக் கழட்டிருங்க" என்றேன்.

கொக்கிக்கு என்ன செய்வது என்று யோசிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கம்பெனியில், எப்போதோ வந்த ஓர் ஆர்டருக்காகப் பெரியவர்களின் தொப்பிச் சட்டையில் கோர்த்த நாடா மீந்து கிடந்தது. சுத்தமான பருத்தி, அரக்கு நிறம், பட்டுச் சேலைக்குப் பொருத்திச் சாயம் போட்ட மாதிரி. கேட்டு வாங்கிவந்து, ஆரத்தின் இரண்டு முனையிலும் கோர்த்து, பின்னால் முடிச்சுப் போட்டுக் கட்டுகிற மாதிரி ஆக்கினேன். கைக்குக் கண்ணாடி வளையல். கண்ணாடியில் தேய்க்க ஒன்றும் இல்லை. இருந்தாலும் தேய்த்தேன்.

பிறகு அந்த ஒரு வாரம். ஆறிய காதில் ஜிமிக்கியைப் போட்டுக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். வீட்டில் ஆரத்தையும் போட்டுக்கொண்டே சோறாக்கினேன், துணி துவைத்தேன். வீட்டுக்காரர், "நீ கண்ணாலத்துக்குப் போறியா, இல்ல நாடகத்துக்கா?" என்று கேலி பேசினார். ஒவ்வொரு நாள் காலையிலும் கண்ணாடி முன்னால் நின்று காதின் பின்பக்கத்தை விரலால் தடவிப் பார்ப்பேன். ஏழாம் நாள் ராத்திரி படுக்கும்போது பயம் பிடித்துக்கொண்டது. எட்டு வருடமாக எட்டாம் நாள்தானே ஏமாற்றியது?

எட்டாம் நாள் விடிந்தது. தொட்டேன். வலி இல்லை. வீக்கம் இல்லை. ஈரம் இல்லை. கண்ணாடிக்கு முன்னால் தனியாக நின்றுகொண்டு வாய்விட்டுச் சிரித்தேன்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மண்டபத்தில் சீர் தொடங்குவதற்கு முன் பெரியம்மா வந்தார். பக்கத்தில் அவர் மகள், எதற்கும் இருக்கட்டும் என்று முழு அலங்காரத்தில். பெரியம்மா என் காதைப் பிடித்து மடக்கிப் பின்பக்கம் பார்த்தார். இன்னொரு காதையும் பார்த்தார். ஆரத்தை விலக்கிக் கழுத்தைப் பார்த்தார். நான் அசையாமல் நின்றேன். சந்தையில் மாட்டைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தார். ஆனால் அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. நன்றாகப் பார்க்கட்டும் என்று தலையைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன்.

"சுத்தமா இருக்குது" என்றார் கடைசியில், நம்ப முடியாத குரலில். பிறகு மகள் பக்கம் திரும்பி, "நீ போய்ப் பந்தியப் பாரு" என்றார். அவள் போகும்போது என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுப் போனாள். அவளுக்கும் அந்த வேலையில் இஷ்டமே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

சீர் நடத்துகிற அருமைக்காரர் "மாப்பிள்ளைக்குப் பொறந்தவ வாங்க" என்று கூப்பிட்டார். போய் நின்றேன். மேளம் கொட்டியது. கூறைப் புடவையின் ஒரு தலைப்பைத் தம்பி கையில் கொடுத்தார்கள், மறுதலைப்பை என் கையில் கொடுத்தார்கள். சபை முழுக்க எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கேமரா வெளிச்சம் முகத்தில் விழுந்தது. நான் தலையை நிமிர்த்தி நேராகப் பார்த்தேன்.

பாதிச் சீரில் எனக்குத் திடீரென்று ஒரு சந்தேகம். காதில் எதுவுமே தெரியவில்லை. குத்தல் இல்லை, எரிச்சல் இல்லை. நகை போட்டால் எரியும் என்பதுதான் எனக்குத் தெரிந்தது. எரிந்தால்தான் அது காதில் இருக்கிறது என்று அர்த்தம். ஜிமிக்கி கழன்று எங்கேயோ விழுந்துவிட்டது என்றே நினைத்துவிட்டேன். புடவைத் தலைப்பை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவசரமாகக் காதைத் தொட்டேன்.

பெரியம்மா முன் வரிசையிலிருந்து பதறி எழுந்தே விட்டார். "என்ன கண்ணு, வலிக்குதா?"

"இல்லீங்க பெரியம்மா," என்றேன். "ஒண்ணுமே தெரியல. அதான், இருக்குதான்னு பாத்தேன்."

இருந்தது.